பின்சீட்டில் ஓர் அட்டைப்பெட்டி: வாசகர் கேள்வி பதில்

அடிபட்ட காட்டுயிர்களைக் கண்டெடுத்தவர் கையிலிருந்து வாங்கி, மறுவாழ்வு மையம் வரைக்கும் சொந்தக் காரில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன், இதற்கு ஆட்கள் போதவில்லை, நீங்களும் வரலாம் என்று சென்ற இதழில் அரைப்பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்தால் வர விருப்பமும் தெரிகிறது, பயமும் தெரிகிறது. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். விலங்குகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாரத்தில் ஒருநாள் சாயங்காலம்தான் நேரம் கிடைக்கும். என்னால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. ஒருநாள் சாயங்காலம் என்பதே பெரிய விஷயம்.

ஒரு மையத்துக்குள் போய்ப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். குஞ்சுகள் வரும் பருவத்தில், இறகு முளைக்காத சின்னக் குஞ்சுகளுக்கு விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அரைமணிக்கு ஒருமுறையாவது ஊட்ட வேண்டும். ஒரு ஆள் ஒரு சுற்று ஊட்டி முடிப்பதற்குள் முதல் கூடு மறுபடி வாய் திறந்திருக்கும். அந்த நேரத்தில் போன் வருகிறது: அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒருவர் சாலையில் ஆந்தையைக் கண்டெடுத்திருக்கிறார், அவரிடம் வண்டி இல்லை, அல்லது வண்டி இருக்கிறது ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். மையத்தில் இருப்பவர் கிளம்பிப் போனால் உள்ளே இருப்பவை பட்டினி. போகாவிட்டால் ஆந்தை சாகும். அந்த இடத்தில்தான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள்.

மையத்தைக் கூப்பிட்டு, எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், எந்த நேரம் வர முடியும், எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், எதைத் தொடப் பயம் என்று சொல்லிவிடுங்கள். பயத்தை மறைக்க வேண்டாம். வௌவால் என்றால் வேண்டாம் என்று சொன்னால் உங்களை வௌவாலுக்குக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். நெடுந்தூரம் என்றால் ஒருவர் பாதி வழி, இன்னொருவர் மீதி வழி என்று பிரித்துக்கொள்வதும் உண்டு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: முடியாத நாளில் உடனே முடியாது என்று சொல்லிவிடுங்கள். 'பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கைவிரித்தால் அந்த இரண்டு மணி நேரம் பெட்டிக்குள் கிடக்கும் உயிருக்குத்தான் நஷ்டம்.

விலங்குகளைப் பற்றித் தெரியாது என்பதை நான் குறையாக நினைக்கவில்லை. உங்கள் வேலை வைத்தியம் இல்லை. கொஞ்சம் தெரிந்தவர்கள்தான் வழியில் பெட்டியைத் திறந்து இறக்கையை விரித்துப் பார்க்கிறார்கள்.

வண்டியில் என்னவெல்லாம் எப்போதும் இருக்க வேண்டும்?

அட்டைப்பெட்டி. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று, மடித்துத் தட்டையாக வைத்துக்கொள்ளலாம். காற்றுக்கான ஓட்டைகளை இன்றைக்கே போட்டு வையுங்கள், உயிரை உள்ளே வைத்த பிறகு கத்தியால் குத்துகிற வேலை வேண்டாம். பெட்டி ரொம்பப் பெரிதாக இருந்தால் நல்லது என்று தோன்றும், ஆனால் இடம் அதிகமிருந்தால் அடிபட்ட உயிர் எழுந்து எழுந்து விழும், உடைந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நிற்கவும் திரும்பவும் முடிந்தால் போதும்.

கம்பிக் கூண்டில் பறவையை வைக்கவே வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வெளிச்சமும் ஆட்களும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், தப்பிக்க முட்டி முட்டி இறக்கையின் நீண்ட இறகுகளை முறித்துக்கொள்ளும். முறிந்த இறகு அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும் வரை அப்படியேதான் இருக்கும். கால் காயம் பத்து நாளில் ஆறிய பறவை இறகு முளைப்பதற்காக மாதக்கணக்கில் கூண்டில் கிடக்க வேண்டி வரும்.

அடியில் விரிக்கப் பழைய பருத்தித் துணி. நூல் பிரிந்த துணி வேண்டாம், நகம் மாட்டும். வெறும் செய்தித்தாள் வழுக்கும். அணில், கீரி மாதிரிக் கடித்துக் குடைகிறவற்றுக்கு அட்டை தாங்காது, பூனையைக் கொண்டுபோகும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வைத்துக்கொண்டு மேலே துணி போட்டு மூடிவிடுங்கள். அப்புறம் தடித்த தோல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பெரிய போர்வை ஒன்று, ஒட்டும் டேப், டார்ச், சோப்பு, தண்ணீர்.

வெந்நீர்ப் பாட்டில் ஒன்றும் வேண்டும். இறகோ மயிரோ முளைக்காத குட்டிகளால் தங்கள் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் மட்டும் வைக்க வேண்டும், சூடு அதிகமானால் அது மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். ஆனால் தலையில் அடிபட்டதற்கு வெப்பம் வைக்கக் கூடாது என்பார்கள். அதனால் மையத்தைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

பெட்டியை முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் வைப்பது எனக்குப் பிடித்த இடம். ஆடாது, வெயில் படாது. கொள்ளவில்லையென்றால் பின்சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டுவிடுங்கள். டிக்கி வேண்டாம், அங்கே காற்றும் கிடையாது, என்ன நடக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது. பாட்டு வேண்டாம். வழி சொல்லும் போனின் குரலையும் குறைத்துவிடுங்கள். நிறுத்திய கார் சில நிமிடத்தில் சூளையாகிவிடும், எனவே வழியில் எதற்கும் இறங்கிப் போகாதீர்கள். வேகம் தேவையில்லை. திருப்பத்தில் மெதுவாக, பிரேக் மெதுவாக. பின்னால் இருக்கும் உயிருக்குப் பிடித்துக்கொள்ளக் கை கிடையாது.

ஒரு பொருளை மட்டும் பலரும் விட்டுவிடுகிறார்கள்: சின்னக் குறிப்பேடு. எந்த இடத்தில் கிடைத்தது, எத்தனை மணிக்கு, என்ன ஆயிற்று, யாராவது ஏதாவது ஊட்டினார்களா, யாரையாவது கடித்ததா, கண்டெடுத்தவரின் போன் எண். இடத்தை எழுதும்போது ஊர் பெயரோடு நிறுத்தாதீர்கள். எந்தச் சாலை, எத்தனையாவது கிலோமீட்டர் கல், பக்கத்தில் என்ன மரம் என்பது வரை எழுதுங்கள். வளர்ந்த விலங்கைத் திரும்ப விடும்போது அதன் சொந்த இடத்திலேயே விட வேண்டும். தரையாமைகளில் சில, வாழ்நாள் முழுக்க ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே வாழ்பவை. வேறெங்கோ விட்டால் அந்த வட்டத்தைத் தேடிக்கொண்டே அலைந்து மறுபடி சாலைக்கு வந்துவிடும்.

அடிபட்டுக் கிடக்கிற எந்த உயிருக்கும் முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று என் அம்மா சொல்லி வளர்த்தார். நீங்கள் ஒன்றும் கொடுக்காதே என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவர் ரொம்ப வருத்தப்பட்டார்.

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் மனசு சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் பறவையின் வாய் நம் வாய் மாதிரி இல்லை. அதற்கு மூச்சுக்குழலின் வாசல் நாக்கு தொடங்குகிற இடத்திலேயே, திறந்து தெரிகிற மாதிரி இருக்கும். சுயநினைவோடு தானாகக் குடிக்கும்போது அதை மூடிக்கொள்ளும். அதிர்ச்சியில் கிடக்கும்போது அலகைப் பிரித்து நாம் ஊற்றினால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். காயத்தால் சாகாத பறவை நாம் ஊற்றிய தண்ணீரால் சாகிறது.

உணவும் அப்படித்தான். உடம்பு குளிர்ந்துபோன குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, உள்ளே போனது அப்படியே தங்கி அழுகும். முதலில் சூடு, அப்புறம் நீர்ச்சத்து, கடைசியில்தான் உணவு, மையத்தில் இந்த வரிசையை மாற்றவே மாட்டார்கள். பல நாள் பட்டினி கிடந்த உயிருக்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால் இரத்தத்தின் உப்புகள் தாறுமாறாகி இதயம் நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுதலையான கைதிகளிடம் மருத்துவர்கள் இதையேதான் கண்டார்கள், பட்டினியில் பிழைத்தவர்கள் சாப்பிட ஆரம்பித்த பிறகு இறந்தார்கள். பாலும் வேண்டாம். பறவைகள் பால் குடித்து வளர்கிறவை இல்லை, பாலூட்டிக் குட்டிகளுக்கும் மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

பயணம் பல மணி நேரம் என்றால் மையத்தைக் கேளுங்கள், என்ன உயிர் என்பதைப் பொறுத்து வழி சொல்வார்கள். அம்மாவுக்கு ஒரு வேலை இருக்கிறது: துணியைச் சூடாக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். உடம்பு குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு அதுதான் அவர் நினைக்கிற அந்த ஒரு வாய் தண்ணீர்.

போன மாதம் ஒரு முயலைக் கொண்டுபோனேன். இரத்தமே இல்லை, நன்றாகத்தான் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது இறந்திருந்தது. நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? அன்றிலிருந்து போன் வந்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் எனக்கும் முதல் வருடத்தில் இதே மாதிரி ஒரு முயல்தான்.

அதை மடியில் துணியோடு வைத்துக்கொண்டேன். வேறொருவர் வண்டி ஓட்டினார். வழி முழுக்க அதன் முதுகைத் தடவிக்கொண்டே, பயப்படாதே, வந்துவிட்டோம் என்று பேசிக்கொண்டே போனேன். அசையாமல் கிடந்தது. என்னை நம்பி அமைதியாகிவிட்டது என்று நினைத்தேன், அந்த நினைப்பில் எனக்குக் கண்ணே கலங்கியது. மையத்து வாசலில் வண்டி நின்றபோது உடம்பு விறைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அசையாமல் இருந்தது அமைதி இல்லை என்பதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்கள். வேட்டையாடப்படுகிற உயிர், தப்ப வழியே இல்லை என்றால் அப்படித்தான் உறைந்துபோகும். நம் முகத்தில் கண்கள் இரண்டும் வேட்டை விலங்குக்குப் போல முன்னால் பார்த்து இருக்கின்றன, நம் குரல் அதற்குத் தெரியாத குரல், நம் கை அதைப் பிடிக்கிற கை. எவ்வளவு அன்போடு தடவினாலும் அதன் உடம்புக்குத் தெரிவது ஒன்றுதான்: பிடிபட்டுவிட்டோம்.

இதற்கு கேப்சர் மயோபதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிடிபட்ட அதிர்ச்சியிலும் திமிறலிலும் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதைய ஆரம்பிக்கும், சிதைந்த தசையின் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும், இதயமும் பாதிக்கப்படும். சிலது நிமிடங்களில் சாகும், சிலது நன்றாகத் தேறிவிட்டது என்று நினைத்து இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகும். மான், முயல், நீண்ட கால்களால் நடக்கிற நீர்ப்பறவைகள் இவையெல்லாம் இதில் ரொம்பப் பலவீனம். வந்த பிறகு சரிசெய்வது கடினம், வராமல் பார்ப்பதுதான் வைத்தியம். நான் பெட்டி, இருட்டு, மௌனம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உங்கள் முயலுக்கு இதுவா, உள்காயமா என்று என்னால் சொல்ல முடியாது. வண்டி மோதியிருந்தால் வெளியே சொட்டு இரத்தம் தெரியாமல் உள்ளே கல்லீரல் கிழிந்திருக்கலாம். நீங்கள் மூடிய பெட்டியில் வைத்து, பேசாமல் ஓட்டிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அதைவிட யாரும் செய்திருக்க முடியாது. போனை எடுங்கள். அடுத்தது ஒரு ஆமையாகக்கூட இருக்கலாம்.

வழியில் இறந்துவிட்டது என்று தோன்றினாலும் பாதியில் திரும்பிவிடாதீர்கள். ஆமைக்கு இதயம் எவ்வளவு மெதுவாகத் துடிக்கும் என்றால் உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டதென்று நினைத்துவிடுவோம். பறவையின் காலில் எண் பொறித்த வளையம் இருந்தால் அந்த எண் யாரோ ஒரு ஆய்வாளருக்குத் தேவைப்படும். பையில் குட்டி சுமக்கும் விலங்குகள் உள்ள நாடுகளில், தாய் இறந்த பிறகும் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கும். காம்பை வாயில் பற்றியிருந்தால் பிடித்து இழுக்காமல் தாயோடு சேர்த்தே கொண்டுவரச் சொல்வார்கள்.

எதையெல்லாம் தொடவே கூடாது?

வளர்ந்த மான், பன்றி, குரங்கு, பாம்பு, ஊன் தின்னும் பெரிய விலங்குகள். இவற்றைப் பயிற்சி இல்லாமல் வண்டியில் ஏற்ற நினைக்காதீர்கள். மயங்கிக் கிடந்த மான் ஓடும் காருக்குள் விழித்துக்கொண்டால் அதுவும் பிழைக்காது, நீங்களும் பிழைக்க மாட்டீர்கள். தள்ளி நின்று கூட்டத்தையும் நாய்களையும் விலக்கி, சரியான இடத்தைச் சொல்லி, வருகிறவர்கள் வரும் வரை நிற்பதே அங்கே பெரிய உதவி.

கொண்டுபோகக் கூடியவற்றிலும் சூட்சுமங்கள் உண்டு. கொக்கு, நாரை இனங்கள் மிரண்டால் கண்ணைக் குறிவைத்துக் கொத்தும், கண்ணாடி போடாமல் கிட்டே குனியாதீர்கள். பருந்து, கழுகு, ஆந்தையின் ஆயுதம் அலகு இல்லை, கால். போர்வையை மேலே போட்டு மூடினால் இருட்டில் அடங்கும், அப்புறம் கால்களைக் கட்டுப்படுத்தித் தூக்க வேண்டும், இதை மட்டும் யாரிடமாவது நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள். நீர்க்காகத்தின் அலகை டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள், அதற்கு வெளிமூக்குத் துளை அடைபட்டிருக்கும், வாய் வழியாகத்தான் மூச்சு. எந்தப் பறவையையும் நெஞ்சை அழுத்திப் பிடிக்கக் கூடாது. நமக்கு இருக்கிற மாதிரி உதரவிதானம் அதற்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும்.

தூண்டில் முள்ளை விழுங்கிய பறவையின் வாயிலிருந்து தூண்டில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், ஒட்ட வெட்டவும் செய்யாதீர்கள். மருத்துவர் முள்ளைக் கண்டுபிடிக்க அந்த நூல்தான் வழி. பசைப் பொறியில் ஒட்டியதைப் பிய்க்காமல், வெறும் பசை தெரிகிற இடத்தில் காகிதத்தை ஒட்டி மூடிவிட்டுப் பொறியோடு கொண்டுபோங்கள். எண்ணெய் அப்பிய பறவையைக் குளிப்பாட்டாதீர்கள், அது தெம்பு வந்த பிறகு மையத்தில் செய்கிற வேலை. ஓடு உடைந்த ஆமையைத் தண்ணீரில் விடாதீர்கள். ஆமை ஓடு உயிருள்ள எலும்பு, கூடி ஆறும், நம்பிக் கொண்டுபோகலாம்.

வௌவால் ஒன்றை வெறும் கையால் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். லேசாக நகம் பட்ட மாதிரி இருந்தது, காயம் எதுவும் தெரியவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நாள்கள் ஓடிவிடும் என்பதால் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். வௌவாலின் பல் தடம் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக இருக்கும். அதன் வழியே ரேபிஸ் என்னும் வெறிநோய் பரவலாம், அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, அறிகுறிக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். பாலூட்டி எது கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அடிக்கடி ஓட்டுகிறவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யோசித்தால் எனக்கு வலிக்கும். கடித்த விலங்குக்கு ரேபிஸ் உண்டா என்று உறுதியாகப் பார்க்க அதன் மூளையைத்தான் பரிசோதிக்க வேண்டும், அதாவது கொல்ல வேண்டும். நாம் கையுறை போடாத ஒரு நிமிடத்துக்கு அது உயிரைக் கொடுக்கும்.

கீழே கிடந்த குஞ்சை எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போனேன். மையத்தில் 'எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் சொன்னது சரி. உடம்பெல்லாம் இறகு, வால் மட்டும் குட்டை, தத்தித் தத்திப் போகிறது என்றால் அது பறக்கப் பழகுகிற குஞ்சு. கூட்டை விட்டுத் தானாகவே இறங்கியிருக்கிறது, தாயும் தகப்பனும் அருகிலேயே இருந்து ஊட்டுகின்றன, நீங்கள் நிற்பதால்தான் வராமல் இருக்கின்றன. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை, எனவே திரும்பக் கொண்டுபோய் வைக்கத் தயங்க வேண்டாம். முயல்குட்டியும் மான்குட்டியும் இதே கதைதான். தாய் நாள் முழுக்கக் கூடவே இருந்தால் வேட்டை விலங்குகளுக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று குட்டியைப் புல்லில் படுக்கவைத்துவிட்டு, பால் கொடுக்க மட்டும் வந்துபோகும். தனியாகப் படுத்திருப்பது அநாதை என்று அர்த்தமில்லை.

பூனை கவ்வியது என்றால் மட்டும் காயமே தெரியாவிட்டாலும் கொண்டுவாருங்கள். பூனைப் பல்லில் உள்ள கிருமி சின்னத் துளை வழியாக உள்ளே போனால் போதும், மருந்து கொடுக்காவிட்டால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். உழவாரன் குருவி தரையில் கிடந்தாலும் கொண்டுவாருங்கள், நீண்ட இறக்கையும் குட்டைக் காலுமாக இருக்கும் அதற்குத் தரையிலிருந்து எழுவது பெரும்பாடு. மற்றதற்கெல்லாம் முதலில் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து மையத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் சொன்ன பிறகு தொடுங்கள்.

மூன்று மணி நேரம் ஓட்டி ஒரு பருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் கருணைக்கொலை செய்துவிட்டார்கள். காப்பாற்றத்தானே கொண்டுபோனேன்? இனி ஓட்டுவதாக இல்லை.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அதை நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூட்டில் இறக்கை நொறுங்கியிருந்தது என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எலும்பின் நடுவில் முறிந்தால் பல சமயம் கூட்டிவிடலாம். மூட்டில் நொறுங்கினால் ஆறும், ஆனால் மடங்காது. ஓரளவு பறந்தால் போதும் என்பது பருந்துக்கு இல்லை, ஒரு விநாடி பிந்தினாலும் இரை போய்விடும், வெளியே விட்டால் பட்டினியில் சாகும். அப்படியென்றால் கூண்டிலேயே வாழட்டும் என்று தோன்றும். நானும் அதைக் கேட்டு ஒரு மருத்துவரிடம் வாதாடியிருக்கிறேன். வானத்தில் வட்டமிட்ட உயிர், மனிதர்கள் கிட்டே வரும்போதெல்லாம் நடுங்கிக்கொண்டு வருடக்கணக்கில் கம்பிக்குள் உட்கார்ந்திருப்பதை அவர் எனக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அதற்கப்புறம் வாதாடவில்லை.

கொண்டுபோகிறவற்றில் பிழைக்காதவை குறைவில்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு வருவது நல்லது. நீங்கள் எடுத்துப் போகாமல் விட்டிருந்தால் அந்தப் பருந்து சாலையோரத்தில், எறும்பு மொய்க்க, ஒருநாளோ இரண்டு நாளோ உயிரோடு கிடந்திருக்கும். நீங்கள் கொடுத்தது இருட்டான பெட்டியில் மூன்று மணி நேரமும், வலி தெரியாத ஒரு முடிவும். அதற்கும் ஒரு ஆள் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது. கொஞ்சநாள் ஓய்வெடுங்கள், மையத்தைக் கூப்பிட்டு என்ன பார்த்தோம் என்று விவரமாகக் கேளுங்கள், சொல்வார்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

சட்டப்படி இதில் சிக்கல் வருமா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் பறவைகளை வைத்திருக்கத் தடை போட்டாலும், அடிபட்டதை உடனே உரிமம் பெற்ற மையத்துக்குக் கொண்டுபோக யாருக்கும் அனுமதி தேவையில்லை என்று விதி இருக்கிறது. பிரிட்டனின் 1981 சட்டம் அடிபட்ட பறவையைப் பராமரித்துத் திரும்ப விடுவதற்காக எடுக்க இடம் கொடுக்கிறது. இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். எந்த நாடாக இருந்தாலும், எடுப்பதற்கு முன்னால் மையத்தையோ வனத்துறையையோ கூப்பிட்டுப் பேசிவிட்டு, அவர்கள் அனுப்பிய ஆளாகப் போங்கள். ஒருநாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம், சட்டத்துக்கும் ஆகாது, அந்த உயிருக்கும் ஆகாது.

ஓடும் வண்டியில் பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால்?

நிதானமாக ஓரம் கட்டுங்கள். கண்ணாடிகளை ஏற்றுங்கள், கதவைத் திறக்காதீர்கள். பறவை என்றால் துணியை மெதுவாக மேலே போட்டு எடுக்கலாம். கடிக்கிற விலங்கு சீட்டுக்கு அடியில் புகுந்துவிட்டால் கையை விடாமல் மையத்தைக் கூப்பிடுங்கள். எதுவானாலும் அது வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்போது வண்டியை எடுக்காதீர்கள்.

வீட்டில் கோழிகள் வளர்க்கிறேன். நோய் வந்துவிடுமோ?

வர வாய்ப்பு உண்டு, பறவைக் காய்ச்சல் விளையாட்டில்லை. வீட்டுக்குக் கொண்டுவராமல் நேராக மையம் போங்கள். திரும்பியதும் கோழிகளிடம் போவதற்கு முன் செருப்பு, உடை மாற்றிக் கைகழுவுங்கள். அட்டைப்பெட்டியைத் திரும்ப உபயோகிக்க வேண்டாம். பிளாஸ்டிக் பெட்டியை முதலில் அழுக்கு போகத் தேய்த்துக் கழுவிவிட்டு அப்புறம் கிருமிநாசினி ஊற்றுங்கள், எச்சத்தின் மேலே ஊற்றினால் அது வேலை செய்யாது.

என் பத்து வயது மகள் கூட வருகிறேன் என்கிறாள்.

கூட்டிப் போங்கள். தொடக் கூடாது, பேசக் கூடாது, திறக்கக் கூடாது என்று மூன்றையும் முன்பே சொல்லிவிட்டு, குறிப்பேட்டை அவள் கையில் கொடுங்கள். பிள்ளைகள் நம்மைவிட விவரமாக எழுதுவார்கள்.

கொண்டுபோய்க் கொடுத்ததை மறுபடி பார்த்ததுண்டா?

அபூர்வம். குணமாகிக்கொண்டிருக்கிறது என்றாலும் போய்ப் பார்க்க விட மாட்டார்கள், அதுவும் சரிதான். மனித முகத்துக்குப் பழகிவிட்ட உயிர் வெளியே போய் மனிதரைத் தேடி வந்து மாட்டிக்கொள்ளும். ஆனால் சில சமயம் திரும்ப விடுவதற்கும் வண்டி வேண்டும் என்று கூப்பிடுவார்கள்.

ஒருமுறை ஆந்தை. நான் கொண்டுபோய்ச் சேர்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கே விடுவது என்று கேட்டபோது பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். கண்டெடுத்த இளைஞர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன்: சின்னப் பாலம் தாண்டி மூன்றாவது மரம். போகும்போது பெட்டிக்குள் உறுதியாக நடக்கிற சத்தம் கேட்டது, முதலில் கொண்டுவந்தபோது அப்படி இல்லை. பொழுது சாய்ந்த பிறகு பெட்டியை மரத்தின் பக்கம் பார்த்து வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, நானும் மையத்துப் பெண்ணும் பின்னால் தள்ளி நின்றோம். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. கால் வலித்து, ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து கிட்டே போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். பெட்டி காலி. ஆந்தையின் இறகு ஓரம் காற்றைச் சத்தமில்லாமல் பிரிக்கும்படி அமைந்தது என்று படித்திருக்கிறேன், பத்தடி தூரத்தில் நின்றிருந்த எங்கள் இருவருக்கும் ஒரு சின்னச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வண்டிக்குத் திரும்பி, அதே பக்கத்தில், சேர்த்த தேதிக்குக் கீழே, விட்ட நேரத்தை எழுதிவைத்தேன்.